கடிகாரத்தை மாற்றுவதா, அலுவலக நேரத்தை மாற்றுவதா?

ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றி வைக்கின்றனர். இவ்வழக்கத்தைக் கைவிடுவதற்கு ஆதரவாக ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. ஆனால் உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததால் அது நடைமுறைக்கு வரவில்லை. இப்படியான மாற்றத்தின் சுமை யார் மீது விழுகிறது என்பதற்கு இலங்கையின் அனுபவமே நல்ல உதாரணம்.

நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த இலங்கை, 1996இல் வறட்சியால் கடும் மின்வெட்டைச் சந்தித்தது. மாலையில் விளக்கேற்றும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்று கருதிய அரசாங்கம், மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தியது. அக்டோபரில் அதில் அரை மணி நேரம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி நேரமோ பத்தாண்டுகள் நீடித்தது.

நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இலங்கையில் ஆண்டு முழுவதும் பகற்பொழுதின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. எனவே மாலையில் கிடைத்த வெளிச்சம் காலையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஜனவரியில் ஏழு மணியை நெருங்கும்போதே கொழும்பில் சூரியன் உதித்தது. பாடசாலைப் பிள்ளைகள் இருட்டில் புறப்பட வேண்டியிருந்தது. காலையில் எரிந்த விளக்குகளுக்கும் மின்சாரம் தேவைப்பட்டது என்பதை மறந்துவிட முடியாது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணம் சென்றவர்கள், ஓமந்தையில் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னோக்கியும், முகமாலையில் மீண்டும் முன்னோக்கியும் திருப்ப வேண்டியிருந்தது. ஒரே தீவில் இரு நிர்வாகங்கள் இருந்ததை இதைவிடத் துல்லியமாக எந்த வரைபடமும் காட்டியிருக்காது.

2006 ஏப்ரலில் இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பியது. அங்கு வாழ்ந்த அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதை எதிர்த்திருந்தார்.

கடிகாரத்தைத் தொடாமல் பணி நேரத்தை மட்டும் மாற்றலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. 2017இல் பத்தரமுல்லையிலுள்ள அரச அலுவலகங்களில், போக்குவரத்து நெரிசலைக் குறைக்கும் நோக்குடன், நெகிழ்வான பணி நேரம் பரீட்சார்த்தமாக அறிமுகமானது. கடிகாரத்தை மாற்றுவதைவிட இது நியாயமான வழி. ஆயினும் பேருந்து ஓட்டுநருக்கும், தாதிக்கும், ஆசிரியருக்கும் இச்சலுகை எளிதில் கிட்டாது. பாடசாலை தொடங்கும் நேரம் மாறாதவரை, பிள்ளையை அங்கே இறக்கிவிட்டு அலுவலகம் செல்லும் பெற்றோரும் வழக்கமான நேரத்தில்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.