சேவைக்கு என்னத்துக்குப் பட்டம்?

தண்ணீரூற்றில் யாராவது சமூகப்பணியில் முதுமாணி படிக்கப் போவதாகச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "சேவை செய்யிறதுக்கு என்னத்துக்குப் பட்டம்?" கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள், செத்தவீட்டுக்கு முதல் ஆளாக ஓடிவந்து பந்தல்கால் நட்டவர்கள். அந்த வேலைகளுக்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் அதற்குப் பெயர் சமூகப்பணியும் இல்லை, அது ஊரவர் கடமை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருப்பதால் வருகிற கேடு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துப் பாருங்கோ. முல்லைத்தீவில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இப்படி ஒன்று இருக்கும். மனுசன் 2009 இல் காணாமல் போனவர். காணி அவருடைய பெயரில். மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுகம். ஆனால் அதை எடுப்பது அவரைத் தன் கையாலேயே சாக்காட்டுவது போல என்று மனுசி மறுக்கிறா. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல் போனதற்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதை அவவுக்கு ஒருவரும் இருந்து விளங்கப்படுத்தவில்லை. இடையில் கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன் இரண்டு, ஒன்றைக் கட்ட மற்றதை எடுத்தது. மூத்த பெடியன் ஓ.எல். எழுதாமல் மேசன் வேலைக்குக் கையாளாகப் போய்விட்டான். இந்த வீட்டுக்கு ஒரு பை அரிசியும் பருப்பும் குடுத்தால் எது தீரும்? காணிச் சட்டம் தெரியவேண்டும், கடன் ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியவேண்டும், அந்தப் பெடியனோடு கதைக்கத் தெரியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ சொன்னதை வெளியில் சொல்லாமல் இருக்கத் தெரியவேண்டும். படித்து, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் செய்து பழகவேண்டிய வேலை இது.

படிக்காமல் செய்தால் என்ன நடக்கும் என்று பார்க்க யூடியூப்பைத் திறந்தால் போதும். கமெரா முதலில் ஓட்டைக் கூரையைக் காட்டும், பிறகு அடுப்பைக் காட்டும், பிறகு அம்மாவின் முகத்துக்குக் கிட்டப் போகும். "எத்தின நாளா அம்மா சாப்பிடேல்ல?" அவ அழும்வரை கேள்வி நிற்காது. அழுதபிறகுதான் உலருணவுப் பொதி வரும், அதோடு கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற அண்ணையின் பெயரும் பிறந்தநாள் வாழ்த்தும். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு நிற்கிற பிள்ளை அடுத்தநாள் வகுப்பில் என்ன பெயரெடுக்கும் என்று எடுக்கிறவருக்கும் கவலையில்லை, பார்க்கிற எங்களுக்கும் கவலையில்லை. சமூகப்பணி படிக்கிற ஒருவருக்கு முதலாம் தவணையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: சம்மதம் என்பது "ஓம்" என்ற ஒரு சொல் இல்லை, சோத்துக்குக் கையேந்தி நிற்கிற ஆளின் "ஓம்" சம்மதமே இல்லை. பட்டம் என்னத்துக்கு என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் முதல் பதில் இதுதான்.

சரி, படிக்கலாம் என்றால் எங்கே படிப்பது? இலங்கையில் இந்தப் படிப்பின் மூத்த இடம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம். 1952 இல் தொடங்கிய ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. இளமாணிப் பட்டம் சுனாமிக்கு அடுத்த வருசம், 2005 இல் வந்தது. முதுமாணி 2008 இல். இருக்கிறது சீதுவையில், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிட்ட. தண்ணீரூற்றிலிருந்து மாங்குளம் போய், ஏ9 பிடித்து, வவுனியா, அனுராதபுரம், புத்தளம் தாண்டி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சின்னப்பிள்ளை உள்ள ஒருத்தியோ, வேலையில் இருக்கிற ஒருத்தியோ இதை எப்படிச் செய்வது? அப்படியே போனாலும் வாசிக்க வேண்டியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேட்கப்போகிற கதை எல்லாம் தமிழில்.

கிட்ட என்ன இருக்கிறது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. அப்போது இருந்த பீடங்கள் மூன்று: பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும். நல்லது, எல்லாம் தேவைதான். ஆனால் மெனிக் பாமில் இலட்சக்கணக்கில் சனத்தை அடைத்துவைத்த அதே வவுனியா மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை ஆரம்பிக்கும்போது, அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது என்று படிக்க ஒரு பீடம் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

இதைத் தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை. போர் முடிந்தபிறகு வன்னிக்குள் வேலைசெய்ய வந்த நிறுவனங்கள் ஜனாதிபதி செயலணியிடம் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. வீடு கட்ட அனுமதி கிடைத்தது, கிணறு துப்புரவாக்கக் கிடைத்தது. உளசமூக வேலைக்கு மட்டும் இலகுவில் கிடைக்கவில்லை. ஏனென்றால் அது கதை கேட்கிற வேலை. கேட்ட கதை சாட்சியாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்த வருசங்களில் சனத்தின் கதையைக் கேட்டது கோழிக்குஞ்சும் தையல் மெசினும் குடுக்கிற திட்டங்களில் களத்துக்குப் போன எங்கள் அக்காமார்தான். குஞ்சைக் குடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டுவிட்டு வந்தார்கள். கேட்டதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றைக்கு வேலை விளம்பரம் வரும்போது அவர்களுக்குத் தகுதி இல்லையாம். எந்தப் பாடத்தில் பட்டம் எடுத்தவரும் அபிவிருத்தி உத்தியோகத்தராகி அதே குடும்பங்களின் கோப்பைப் பார்க்கலாம், அது தகுதி.

மும்பையில் இப்போது டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் என்று எல்லாரும் அறிந்த கல்லூரி 1936 இல் தொடங்கியது. அது வானத்திலிருந்து விழவில்லை. கிளிபோர்ட் மான்சார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் அதற்குப் பத்து வருசத்துக்கு முதலே நாக்பாடா என்ற தொழிலாளர் குடியிருப்பில் ஒரு நிலையம் நடத்தினார். அந்தச் சந்துகளில் வேலைசெய்யப் படித்தவர்கள் தேவைப்பட்டதால்தான் படிப்பு வந்தது. களம் முதல், கல்லூரி பிறகு. எங்களிடம் களம் பதினைந்து வருசத்துக்கு மேலாகத் திறந்து கிடக்கிறது.

அதற்காக எந்தப் பாடத்திட்டம் வந்தாலும் சரி என்று கைதட்ட நாங்கள் தயாரில்லை. முல்லைத்தீவில் 2017 மார்ச் 8 இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடுகிறார்கள். அந்த அம்மாவை ஒரு 'கேஸ்' ஆக்கி, எட்டுத் தடவை கவுன்சிலிங் குடுத்து, "ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்" என்று அறிக்கை எழுதுகிற சமூகப்பணி எங்களுக்கு வேண்டாம். அவவுக்கு வருத்தம் இல்லை, கேள்விதான் இருக்கிறது. போரின் காயம் தனி ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் கிடக்கிறது என்பதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எத்தனையோ காலமாக எழுதிவருகிறார். உலகச் சமூகப்பணியாளர் அமைப்புகள் 2014 இல் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்திலும் சமூக நீதி, மனித உரிமை, உள்ளூர் அறிவு எல்லாம் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதைப் படிப்பித்தாலே பாதி அலுவல் முடிந்துவிடும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது தண்ணீரூற்று முஸ்லிம்களும் போனார்கள். இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் அகதிகளாக இருந்தார்கள். திரும்பி வந்தபோது காணிப் பிரச்சினை, "அவை அங்க நல்லா இருக்கினம்தானே" என்ற கதை. தண்ணீரூற்றில் களப்பயிற்சி செய்கிற மாணவி தமிழ் வீடுகளுக்கு மட்டும் போய் அறிக்கை எழுதினால் அவவுக்குப் புள்ளி போடக்கூடாது. சொந்த ஊரில் இதை அவிழ்த்துப் பார்க்கத் துணியாதவர் வேறெங்கே போய் என்ன செய்வார்?

ஆகவே வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுமாணி வேண்டும், தமிழில் வேண்டும். வகுப்பு சனி ஞாயிறில் இருக்கவேண்டும். களப்பயிற்சி முல்லைத்தீவுக் கிராமங்களில், மேற்பார்வையாளர் வாரத்துக்கு ஒருமுறையாவது நேரில் வந்து பார்க்கவேண்டும். பட்டம் இல்லாமல் பத்து வருசம் களத்தில் நின்ற அக்காமார் உள்ளே வருவதற்கு ஒரு வாசல் விதிகளிலேயே எழுதப்படவேண்டும். அவர்களின் அனுபவத்துக்குப் புள்ளியும் வேண்டும். மாணவர் எழுதுகிற களக்குறிப்பைப் புலனாய்வுக்காரர் வந்து கேட்டால் குடுக்கமாட்டோம் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தரவேண்டும். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போய்வருகிற பஸ் காசை யார் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கோ. முதல் வருசம் படிப்பை விடுகிற பெண்பிள்ளைகள் அதிலேயேதான் நின்றுபோவார்கள்.