மனுக் கொடுத்தவன் யாரைக் கேட்பது?

திங்கட்கிழமை என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளத்திலுள்ள கலெக்டர் ஆபீசுக்கு ஜனங்கள் கையில் காகிதத்துடன் போவது வழக்கமாய் இருந்து வருகின்றது. பட்டாவுக்குப் போகின்றவர்களும், முதியோர் உதவித் தொகைக்குப் போகின்றவர்களும், சுடுகாட்டுப் பாதைக்குப் போகின்றவர்களும், கந்து வட்டிக்காரன் தொல்லை தாங்காமல் போகின்றவர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றார்கள். இதற்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று பெயர். அதிகாரிகள் கிராமத்துக்கே வந்து மனு வாங்குவதற்கு மனுநீதி நாள் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். கன்றுக்குட்டிக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதையை நினைத்து வைத்த பெயராம். பிறந்த ஜாதியைப் பார்த்துத் தண்டனை விதிக்கின்ற ஒரு நூலின் பெயரைக் குறை கேட்கின்ற நாளுக்கு வைத்த புத்தியை என்னவென்று சொல்லுவது! அது கிடக்கட்டும். வாங்கின மனு என்ன ஆகின்றது என்பதே இன்று நமது கேள்வியாகும்.

1999-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு ஊர்வலம் இதே கலெக்டர் ஆபீசை நோக்கி வந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வும், ஜெயிலில் கிடந்த தொழிலாளர்களின் விடுதலையுந்தான். கொண்டு வந்தது ஒரு மனு. நடந்தது தடியடி. ஓடினவர்கள் தாமிரபரணியில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. ஜட்ஜ் மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். கமிஷனார் போலீசார் மீது குற்றம் காணவில்லை. ஆக 17 உயிருக்கு ஜவாப்தாரி எந்த உத்தியோகஸ்தருமில்லை, ஆற்றுத் தண்ணீர்தான் என்று முடிந்துவிட்டது.

2017-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி, அதுவும் ஒரு திங்கட்கிழமை. கடையநல்லூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், வாங்கின கடனைவிட அதிகமாகவே கட்டிவிட்ட பின்னும் கந்து வட்டி விடவில்லை என்று பல தடவை மனுக் கொடுத்துப் பலன் காணாமல், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அந்த ஆபீஸ் வளாகத்திலேயே தீக்குளித்தார். நால்வரும் மாண்டார்கள். கந்து வட்டியைத் தடுக்கச் சட்டம் இல்லாமலா போயிற்று? 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, ஆபீஸ் இருந்தது, மனு இருந்தது. மனுவைப் படித்துக் காரியம் செய்ய வேண்டிய ஆள் மாத்திரம் இல்லை.

இதற்கடுத்து நடந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேலிச்சித்திரக்காரர் பாலா என்பவர் இக்கொடுமையைப் பற்றி, முதல் மந்திரியையும் கலெக்டரையும் போலீஸ் அதிகாரியையும் கண்டித்து ஒரு படம் போட்டார். கலெக்டர் தரப்பில் புகார் கொடுக்கப்பட்டது. நவம்பர் 5-ந் தேதி போலீசார் சென்னைக்கே போய் அவரைப் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். தீ எரிந்து பதின்மூன்றே நாள்தான் ஆகியிருந்தது! கூலிக்காரன் காகிதம் மாதக்கணக்கில் நகராது; கலெக்டர் காகிதமானால் இறக்கை முளைத்துப் பறக்கும். அந்த வழக்கை 2021-ல் ஐக்கோர்ட்டு ரத்து செய்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் ஏதோ ஒரு கலெக்டரின் கெட்ட குணம் என்று சொல்ல நாம் வரவில்லை. நல்லவர்கள் வந்து போயிருக்கின்றார்கள், இனியும் வருவார்கள். யந்திரத்தின் அமைப்பே எப்படி இருக்கின்றது என்பதைப் பாமர மக்கள் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதுதான் நமது ஆசை.

கலெக்டரைப் பொறுக்கி எடுப்பது டில்லியிலுள்ள தேர்வாணையம். நியமனம் செய்வது ஜனாதிபதி பெயரால். பயிற்சி முசோரி மலையில். பிறகு ஒரு ராஜ்யத்துக்கு ஒதுக்கி விடுவார்கள். எந்த ஊரில் வேலை, எப்போது மாற்றல் என்பது சென்னை சர்க்கார் கையில். தப்புச் செய்தால் சென்னை சர்க்கார் சஸ்பெண்டு செய்யலாம்; சிறிய தண்டனை கொடுக்கலாம். ஆனால் வேலையை விட்டு நீக்க வேண்டுமானால் டில்லிக்குத்தான் போக வேண்டும்; டில்லி சர்க்காரும் தேர்வாணையத்தின் அபிப்பிராயத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அரசியல் சட்டத்தின் 311-வது விதி இந்தக் காவலைக் கொடுக்கின்றது. மந்திரியின் கோபத்துக்குப் பயப்படாமல் உத்தியோகஸ்தர் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றுதான் இதை வைத்தார்கள். அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. மந்திரியிடமிருந்து காப்பாற்றுகின்ற வேலி ஜனங்களிடமிருந்தும் காப்பாற்றுகின்ற கோட்டையாகி விட்டது என்பதுதான் நமது புகார். வேலை விஷயமாகச் செய்த காரியத்துக்கு இப்படிப்பட்டவர்மேல் கிரிமினல் வழக்கு நடத்துவதற்குக் கூட சர்க்கார் அனுமதி வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதுச் சட்டத்தில், 120 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று எழுதியிருப்பது ஒரு சிறு லாபம்.

இரண்டு எஜமானர் இருந்தால் வேலைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஆனால் எஜமானர்களுக்கும் கொண்டாட்டந்தான் என்பதை 2023 டிசம்பரில் கண்டோம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரை முழுதும் மூழ்கிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக் கிடந்தார்கள். மழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டியது டில்லி இலாகா. ரயிலும் டில்லி இலாகா. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் நிவாரண வேலையும் சென்னை சர்க்கார் வசம். நாங்கள் முன்பே எச்சரித்தோம் என்றது டில்லி. இவ்வளவு மழை என்று எப்போது சொன்னீர்கள் என்றது சென்னை. வீடு இழந்தவன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கொண்டிருந்தான்.

நமது தோழர்களுக்கு ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்துகின்றோம். 1798-ல் கலெக்டர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு வரவழைத்து அவமானப்படுத்தி, அங்கு கைகலப்பும் நடந்தது. சென்னையிலிருந்த கம்பெனியார் மூன்று பேர் கொண்ட கமிட்டியை வைத்து விசாரித்தார்கள். கமிட்டியார் கட்டபொம்மன் பேரில் குற்றமில்லை என்றார்கள். ஜாக்சன் வேலை போயிற்று. கம்பெனியார் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. மறு வருஷமே கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டவர்கள் அவர்கள்தான். ஆனாலும் கொள்ளையடிக்க வந்த கூட்டத்துக்குக் கூடத் தன் கலெக்டரை விசாரித்து நீக்க முடிந்தது. ஓட்டுப் போட்டுச் சர்க்கார் அமைக்கின்ற நமக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டமாய் இருக்கின்றது?

ஒரு காரணம் நம்மிடமே இருக்கின்றது. நம் ஜனங்கள் ஆபீசுக்குப் போவதும் கோவிலுக்குப் போவதும் ஒரே மாதிரிதான். வெளியிலேயே செருப்பை விடுவது, டவாலியைக் கும்பிடுவது, தரகனுக்குத் தட்சணை கொடுப்பது, உள்ளே இருப்பவர் கண் திறந்து பார்த்தால் போதுமென்று நிற்பது, பார்க்காவிட்டால் தலையெழுத்து என்று திரும்புவது. சம்பளம் வாங்குகின்றவர் அருள் பாலிக்கின்றவராகவும், வரி கொடுக்கின்றவன் பக்தனாகவும் ஆகிவிட்டால் கணக்குக் கேட்பது எப்படி?

இன்னொன்று: நம்மவர்கள் உத்தியோகத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம்மவர்கள் வரவேண்டும் என்பதில் சந்தேகமேயில்லை. 1921-ல் வகுப்புவாரி உத்தரவும், 1929-ல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் சர்வீஸ் கமிஷனும் ஏற்பட்டது அதற்காகத்தான். டில்லி உத்தியோகங்களில் பிற்பட்டோருக்கு 27 சதவிகிதம் கிடைக்க 1990 வரை காத்திருந்தோம். கோர்ட்டைத் தாண்டி வர 1992 ஆயிற்று. 2024 ஆகஸ்டில் 45 பெரிய பதவிகளுக்கு இட ஒதுக்கீடே இல்லாமல் வெளியார்களை எடுக்க விளம்பரம் செய்து, எதிர்ப்பைக் கண்டு மூன்றே நாளில் வாபஸ் வாங்கினார்களே, அந்தத் தந்திரத்தையும் விழித்துப் பார்த்துக் கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் நாற்காலியில் யார் உட்காருவது என்பது ஒரு கேள்வி. உட்கார்ந்தவர் யாருக்குப் பதில் சொல்லுவது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் போராடினது போல் இரண்டாவதற்கு நாம் போராடவில்லை.

இன்றைக்கு மனு போகின்ற வழியைப் பாருங்கள். தாசில்தார் மேல் புகாரென்றால் கலெக்டர் ஆபீசிலிருந்து அது தாசில்தாருக்கே போகின்றது. அவர் ஆர்.ஐ.க்கு அனுப்ப, ஆர்.ஐ. கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்ப, அவர் எழுதின இரண்டு வரி மறுபடி படியேறி மேலே போய், “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று முடிகின்றது. போலீஸ் ஸ்டேஷன் மேல் புகாரென்றால் அது அந்த ஸ்டேஷனுக்கே வந்து சேருகின்றது. திருடனைப் பற்றித் திருடனிடமே ரிப்போர்ட்டுக் கேட்பதற்கு விசாரணை என்று பெயர் வைத்தால் உலகம் சிரிக்காதா? புகாருக்கு ஆளானவரின் கைக்குப் புகாரை அனுப்பக் கூடாது என்றும், குறித்த நாளில் முடிக்காதவர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டும் என்றும் சட்டம் வேண்டும். இதைச் சட்டசபைக்குப் போகின்ற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

அதுவரையில் கையிலிருக்கின்ற ஆயுதத்தை உபயோகிக்கலாம். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, மனுக் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, காரியம் நடக்காவிட்டால் ஒரு வெள்ளைக் காகிதத்தில் 10 ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, அந்த ஆபீசின் பொதுத் தகவல் அலுவலர் பேருக்குத் தமிழிலேயே எழுதலாம். என் மனு எந்தத் தேதியில் எந்த உத்தியோகஸ்தர் மேஜைக்கு வந்தது, அவர் பெயரும் பதவியும் என்ன, எத்தனை நாள் வைத்திருந்தார், என்ன எழுதினார், அந்தக் குறிப்பின் நகல் எங்கே என்று கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேலதிகாரிக்கு அப்பீல், அதற்கும் மேல் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதம் செய்த அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரையில் ஆணையம் அபராதம் போடலாம். அதை அவர்தான் கட்ட வேண்டும், சர்க்கார் கஜானா கட்டாது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்த தோழர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் கொக்கிரகுளத்தில் போய் நின்றால் அப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.