ஒரே ப்ரீசெட், ரெண்டு கேமரா, ரெண்டு கலரில் கூரைப்புடவை

இரண்டு கேமராவில் எடுத்த படங்களுக்கு ஒரே ப்ரீசெட்டைத் தட்டிவிட்டு "எடிட்டிங் முடிஞ்சுது சார்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் நீளமாகத் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பனுடைய அக்கா கல்யாணம். என்னிடம் ஒரு பழைய நிக்கான். இன்னொரு நண்பன் வாடகைக்கு எடுத்த கேனான். பரீட்சை நேரம் என்பதால் எடிட்டிங்கை ஒரு கடையில் கொடுத்தோம் (பெயர் வேண்டாமே). ஆல்பம் வந்தது. என் படத்தில் புடவை அரக்கு. அடுத்த பக்கத்தில் அதே புடவை ஆரஞ்சு. நண்பனின் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, முகூர்த்தத்துக்கு நாம ரெண்டு புடவையா எடுத்தோம்?" போதாக்குறைக்கு தாலி கட்டுவதற்கு முன்னாலேயே பந்தி நடந்துகொண்டிருந்தது. அது எங்கள் தப்பு. கேனானின் கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்னால் ஓடியதை ரெண்டு பேருமே பார்க்கவில்லை.

கடைக்காரரிடம் கேட்டால், "கேமரா வேற வேற கம்பெனி தம்பி, அப்படித்தான் வரும்" என்கிறார். வராது. வரவிட்டால்தான் வரும்.

சென்சார் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக்குட்டியாக வடிகட்டிகள் இருக்கின்றன. அந்தச் சாயம் கேமராவுக்குக் கேமரா வேறுபடும். அதனால் ஒரே புடவையை இரண்டும் வேறு வேறு எண்களாகப் பதிவு செய்கின்றன. ஒரே கம்பெனியின் பழைய மாடலும் புது மாடலும்கூட ஒத்துப்போவதில்லை. அந்த எண்களை நிறமாக மொழிபெயர்ப்பது லைட்ரூம் போன்ற மென்பொருளில் இருக்கும் கேமரா ப்ரொஃபைல். ப்ரீசெட் அதற்கு மேலே பூசுகிற பூச்சு. சுவர் மேடுபள்ளமாக இருக்கும்போது பெயின்ட் அடித்து என்ன பிரயோஜனம்?

செய்யவேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படமெடுக்கத் தொடங்கும் முன் இரண்டு கேமராவிலும் ஒரே கைபேசிக் கடிகாரத்தைப் படமெடுங்கள். பிறகு லைட்ரூமில் நேரத்தை மொத்தமாக நகர்த்திவிடலாம். மேடை வெளிச்சத்தில் ஒரு கலர்செக்கர் அட்டையை (24 கட்டங்கள் இருக்கும்) இரண்டிலும் ராவில் எடுத்து, ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ப்ரொஃபைல் செய்யுங்கள். அந்த அட்டை விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். வெறும் கிரே கார்டு மலிவு. அதை வைத்து வொயிட் பேலன்ஸையாவது சரிசெய்யலாம். வெள்ளைத்தாள் வேண்டாம், பளிச்சென்று தெரிய அதில் சேர்க்கும் ரசாயனம் நீலமடிக்கும். லைட்ரூம் வாங்கக் காசில்லையா? டார்க்டேபிள் இலவசம். இரண்டு கேமராவின் நிறமும் வெளிச்சமும் ஒன்றான பிறகு உங்கள் இஷ்ட ப்ரீசெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், யார் கேட்டது?

ஆனால் அந்த இஷ்ட ப்ரீசெட்டிலும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. விற்பனைக்கு வருகிற "க்ரீமி ஸ்கின்" சமாச்சாரங்களைத் திறந்து பாருங்கள். பலவற்றில் ஆரஞ்சின் அடர்த்தியைக் குறைத்து, பிரகாசத்தை ஏற்றியிருப்பார்கள். நம் தோலின் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் மாநிறம் மாவாகும், கறுப்பு சாம்பலாகும். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள், அவள் முகத்தை வைத்துத்தான் எல்லார் முகத்தையும் சரிபார்த்தார்கள். அதைப் பற்றி இன்று கட்டுரை எழுதுகிறோம். பிறகு காசு கொடுத்து அதே வேலையை நாமே நம் வீட்டுப் படத்துக்குச் செய்கிறோம்.

"கஸ்டமருக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்பார்கள். தெரிந்தது. அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல கறுப்பு, எண்ணெய் தடவிய மாதிரி மின்னும் முகம். நாலு மாசத்தில் தவறிவிட்டார். மாட்டுவதற்குப் படம் தேடினால் ஆல்பத்தில் எல்லாமே விபூதி பூசின மாதிரி சாம்பல். "இது எங்கம்மா இல்லப்பா" என்றார் நண்பனின் அம்மா.

நல்லவேளை, என் ஹார்ட் டிஸ்கில் நிக்கானின் ரா கோப்புகள் இருந்தன. ஒரு ராத்திரி உட்கார்ந்து மீட்டேன். ஆனால் பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிற படம் கேனானில் இருந்தது, அதில் ஜேபெக் மட்டும்தான். கேமராவே சமைத்துக் கொடுத்த நிறம், அதற்குள் மண்டபத்தின் மஞ்சள் வீடியோ லைட் வேறு. எவ்வளவு இழுத்தும் கன்னத்தில் அந்த மஞ்சள் போகவில்லை. கடைசியில் சிரிக்காத படம்தான் சுவரில் இருக்கிறது.

கல்லூரி விழாவுக்கு இந்த முறை ஜூனியர்கள் மூன்று கேமரா கொண்டுவருகிறார்களாம். ராவில் எடுக்கமாட்டேன், கார்டு நிரம்பிடும் என்கிறவனுக்கு நான் ட்ரைபாட் தூக்கும் வேலைதான் கொடுக்கப்போகிறேன். கடிகாரம் சரிபார்க்காதவனுக்கு அதுவும் கிடையாது.