மூக்கில் எடுத்த சதை ஆய்வகம் போய்ச் சேரட்டும்

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

செய்யாற்றங்கரையிலுள்ள கலசப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். நம் மாவட்டத்தில் யாருடைய மூக்கிலிருந்தோ சைனஸிலிருந்தோ சதை எடுக்கப்பட்டாலும், அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், அது தவறாமல் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். முடிவு நோயாளியின் கைக்கு வந்து சேரவேண்டும்.

“மூக்குல சதை வளந்திருக்கு” என்று நம் ஊரில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. நாள்பட்ட அழற்சியால் வரும் சாதாரண பாலிப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வளரும். ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தம் கசிந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது. இன்வெர்டட் பாப்பிலோமா என்ற கட்டி பார்வைக்குப் பாலிப் போலவே இருக்கும். வேரோடு எடுக்காவிட்டால் திரும்ப வளரும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். புற்றுநோயே பாலிப்பின் தோற்றத்தில் ஒளிந்திருப்பதும் உண்டு.

நம் மாநிலத்தின் தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் ஊருணி, குளங்களில் குளிப்பவர்களிடம் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் காணப்படுகிறது. அதில் வளர்வது செக்கச் சிவந்து, தொட்டாலே இரத்தம் வடியும் சதை. 1900இல் செபர் என்பவர் விவரித்த அந்நோயின் கிருமியை நெடுங்காலம் பூஞ்சை என்றே நம்பினார்கள். மரபணு ஆய்வு 1990களில் அந்த நம்பிக்கையை மாற்றியது. வழக்கமான ஆய்வக முறையில் அக்கிருமியை வளர்த்துக் காட்ட முடியாது. திசுவை நுண்ணோக்கியில் வைத்து, வித்துகள் நிறைந்த பைகளைப் பார்த்துத்தான் உறுதிசெய்கிறார்கள். 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோதும், பூஞ்சை இழைகள் இரத்தக் குழாய்க்குள் புகுந்திருப்பதைத் திசுவே காட்டிக்கொடுத்தது.

அதற்காகக் கண்ட இடத்தில் கிள்ளி எடுக்கவும் கூடாது. பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்க மூக்கடைப்பும் அடிக்கடி இரத்தப்போக்கும் இருந்தால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டியாக இருக்கலாம். புறநோயாளிப் பிரிவில் அதிலிருந்து துண்டு எடுத்தால் உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கு வரலாம். சிறு குழந்தையின் மூக்கில் தெரியும் கட்டி, மூளைத் திசு இறங்கியதாகவும் இருக்கக்கூடும். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, ஸ்கேன் எடுத்த பிறகே கத்தி வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. எடுத்த சதையை அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் உடனே போட வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் தனித்தனிப் புட்டி. பூஞ்சைச் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைச் சலைனில் தனியே அனுப்ப வேண்டும். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. வட்டார மருத்துவமனைகளிலிருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாதிரிகள் போக நிலையான வண்டி ஏற்பாடு வேண்டும்.

ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து வருபவர், கூலியை விட்டுத்தான் வருகிறார். முடிவைத் தெரிந்துகொள்ள மட்டும் அவரை மறுபடி மலையிறங்க வைக்காதீர்கள். அவர் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அறிக்கை போகட்டும். புற்று என்று வந்தால் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய்ச் சொல்லட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள், ஒரு பக்க மூக்கடைப்பும் இரத்தக் கசிவும் உண்டா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கட்டும்.

தங்கள் தலைமையில் கூடும் மாவட்ட நலவாழ்வுச் சங்கக் கூட்டத்தில் இதை முடிவாக எடுத்து, எத்தனை மாதிரிகள் போயின, எத்தனை அறிக்கைகள் நோயாளியைச் சேர்ந்தன என்று மாதாமாதம் கணக்குக் கேட்க வேண்டுகிறேன். நோயின் பெயர் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தொடங்கும்.

இப்படிக்கு,
கலசப்பாக்கம் வாசி ஒருவர்