நைனாவுக்குப் பக்கத்துச் சீட்டு

ஓப்பன் மைக் என்றால் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்று பொருள். பேர் கொடுத்தால் ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடிப்பார்கள். சீக்கிரம் முடி என்று அர்த்தம். காசு கிடையாது. பல இடங்களில் நாம்தான் ஒரு காபியாவது வாங்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்துக்காக மூன்று வருடமாக ஆம்பூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறேன். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே ஏலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் எனக்குப் பாதி ராத்திரி பிளாட்பாரத்தில்தான்.

முதல் முறை போனபோது எனக்கு முன்னால் பதினோரு பேர் பேசினார்கள். ஃபில்டர் காபி, ஐஐடி கோச்சிங், பாட்டு கிளாஸ் மாமி, அமெரிக்க மாப்பிள்ளை. "அப்படியே நம்ம வீட்ல நடக்கிற மாதிரியே இருக்கு" என்று பக்கத்து டேபிளில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பதினோரு பேரில் ஒருவர்கூடத் தன் சாதியைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. அந்த அறையின் பொது மொழியே அதுதான். பன்னிரண்டாவதாக நான் ஏறி, "எங்க நைனாவுக்குத் தோல் கம்பெனியில சுண்ணாம்புக் குழி வேலை" என்றதும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்கள் பேசியது காமெடி. நான் பேசப்போவது சாதி.

அன்று நான் சொன்ன ஜோக் இது: "எங்க நைனா பஸ்ல ஏறினா பக்கத்துச் சீட்டு தானா காலியாயிடும். அந்த வாசனை அப்படி. எங்க குடும்பத்துல ரிசர்வேஷன முழுசா அனுபவிச்சவரு அவருதான்."

அறை அதிர்ந்தது. வாழ்க்கையில் முதல் கைத்தட்டல். ஒருங்கிணைப்பாளர் தோளைத் தட்டி, "செம ப்ரோ, இதே மாதிரி இன்னும் ராவா கொடுங்க" என்றார். நண்பன் எடுத்த வீடியோவை மறுநாள் அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷன். சொல்யூஷன் காய்ந்த விரலால் போனைப் பிடித்து இரண்டு முறை பார்த்தார். "நல்லாதான் சிரிக்கிறாங்க. யாரைப் பாத்துடா சிரிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார். நைனா இருமிக்கொண்டே வெளியே எழுந்து போனார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஆட்கள் மேடையேறினால் பார்வையாளருக்கு இரண்டு விதமாகத்தான் நாம் வேண்டும். ஒன்று, அழ வைக்க வேண்டும். இல்லையென்றால் நம்மை நாமே கேலி செய்துகொள்ள வேண்டும். கறுப்பு நிறம், உடைந்த இங்கிலீஷ், குடிகார அப்பா, நாற்றம். தமிழ் சினிமா காமெடி பல ஆண்டுகள் இந்தக் கச்சாப்பொருளில்தான் பிழைத்தது. நாமே நம்மை மட்டம் தட்டிக்கொள்ளும்போது எதிரில் இருப்பவருக்கு இரட்டை லாபம்: சிரித்த மாதிரியும் ஆயிற்று, குற்றவுணர்வும் இல்லை. அதற்கு 'ரா', 'ஹானஸ்ட்' என்று பேர் வேறு.

அமெரிக்காவில் டிக் கிரிகரி என்றொரு கறுப்பின நகைச்சுவையாளர் இருந்தார். 1961 ஜனவரியில் சிகாகோ பிளேபாய் கிளப்பில், தென்மாநில வெள்ளையர்கள் நிறைந்த கூட்டத்தின் முன் நின்றார். தன் நிறத்தை அவர் கேலிப்பொருளாக்கவில்லை. கறுப்பருக்குச் சோறு போட மறுக்கும் உணவகத்தைக் கேலிப்பொருளாக்கினார். சிரித்தவர்களும் வெள்ளையர்கள்தான், ஆனால் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னாளில் அவர் சிவில் உரிமைப் போராட்டங்களில் சிறை சென்றார். அவருடைய மேடைக்கும் சிறைக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை.

நானும் பஸ் ஜோக்கைத் திருப்பிப் போட்டேன். அதே பஸ், அதே சீட்டு. "நைனா உட்கார்ந்ததும் பக்கத்துல இருந்தவர் எழுந்துட்டாரு. அவர் கால்ல லெதர் ஷூ. நைனா பதப்படுத்தின தோல். ஷூ பாவம், சொந்தக்காரரைப் பாத்த சந்தோஷத்துல உட்காரத்தான் பாத்துச்சு. கால்தான் இழுத்துக்கிட்டுப் போச்சு." அறையில் சத்தமே இல்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரித்தார். டார்ச் மூன்றாவது நிமிடத்திலேயே அடித்தது. "கொஞ்சம் பிரச்சாரமா இருக்கு ப்ரோ. சாதி வேணாமே" என்றார் ஒருங்கிணைப்பாளர். முதல் ஜோக்கிலும் அதே சாதிதான் இருந்தது. அப்போது அது அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஜோக்குக்குப் பஞ்சமில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறியை ஒதுக்குவது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டு ஆட்சியருக்கு எஸ்சி, எஸ்டி ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நான் மேடையில் சொல்வது இவ்வளவுதான்: ஒரே மாடு. தோல் கப்பல் ஏறினால் அந்நியச் செலாவணி. கறி தட்டில் ஏறினால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

சிலவற்றை இன்னும் ஜோக்காக்க முடியவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஆதிக்கச் சாதியினர் நிலத்தில் மறிக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. என் நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். மூன்று வருடமாக அது காலியாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் சிரிப்பாக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசும்போது நாம் முனாவர் ஃபாரூக்கியை நினைவுகூர்கிறோம், கூர வேண்டும். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதானார். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தலித்தும் முஸ்லிமும் ஒரே லைனில் நின்று ஷூ தைக்கிற ஊரில் பிறந்த எனக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. ஆனால் போலீஸ் வருவதற்கு முன்பே இன்னொரு தணிக்கை நடந்து முடிந்துவிடுகிறது. 'சாதி வேணாமே' என்ற மூன்றாம் நிமிட டார்ச் அது. அதற்கு எந்த நீதிமன்றத்திலும் ஜாமீன் கேட்க முடியாது.

'ஸ்டாண்ட்-அப் எல்லாம் சிட்டிக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?' என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். இது வடாற்காடு, தோழர். தெருக்கூத்தின் மண். ராஜா வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வந்து அந்த ராஜாவையே நக்கலடிப்பதை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. தனியாக நின்று அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் கலையை நாம் யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை. அந்தக் கட்டியங்காரனும் பெண்களை இழிவுபடுத்திச் சிரிக்க வைத்ததுண்டு. அதை அவனிடமே விட்டுவிடுவோம். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது கானாவுக்கு நடந்தது, நகைச்சுவைக்கும் நடக்க வேண்டும். மஞ்சீத் சர்க்கார், அங்குர் தாங்டே போன்ற தலித் நகைச்சுவைக் கலைஞர்கள் வடக்கே ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள்.

போன ஏப்ரல் 14 இரவு, எங்கள் தெருவில் அண்ணல் சிலை முன்பு டியூப் லைட் வெளிச்சத்தில் பத்து நிமிடம் பேசினேன். எதிரில் ஷூ கம்பெனி அக்காக்கள், டியூஷன் பிள்ளைகள், பின்னால் பைக் மேல் பையன்கள். பஸ் ஜோக்கின் இரண்டாவது வடிவத்தைச் சொன்னேன். 'ஷூ பாவம்' என்றபோதே சிரிப்பு கிளம்பிவிட்டது. ஒரு அக்கா எழுந்து, "அந்த ஷூவுக்கு அப்பர் தைச்சது நான்டா, என் பேரையும் சேத்துச் சொல்லு" என்றார். என்னைவிட அவருக்குத்தான் கைத்தட்டல் அதிகம். நைனா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை. எழுந்து போகவில்லை.

சென்னைக்குப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை. அந்த அறைகளும் நமக்கு உரியவைதான். ஆனால் அங்கே கொண்டுபோகிற ஜோக்கை இனி முதலில் இங்கே சொல்லிப் பார்ப்பேன். உங்கள் ஊர் அம்பேத்கர் மன்றத்திலும் படிப்பகத்திலும் சங்கக் கூட்டத்திலும் ஒரு மைக் இருக்கும். தலைவர்கள் பேசி முடித்ததும் பத்து நிமிடம் அதை அணைக்காமல் வையுங்கள். அக்காக்கள் வரிசையில் நிற்கிறார்கள். டார்ச் மட்டும் அடிக்காதீர்கள்.