புகையில்லாப் புகையிலையும் கருவிலுள்ள சிசுவும்

நம் நாட்டு ஸ்திரீகள் சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பதில்லை; ஆகையால் புகையிலையின் தீங்கு கருவிலுள்ள குழந்தைகளை அண்டாது என்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் முற்றும் பிசகானது. 2016-17-இல் சர்க்கார் எடுத்த கணக்கின்படி, இந்தியாவில் வயதுவந்த ஸ்திரீகளுள் புகை பிடிப்போர் நூற்றுக்கு 2 பேரே. புகையிலையை மென்றோ, பல்லில் தேய்த்தோ, வேறு விதமாகப் புகையின்றியோ உபயோகிப்போர் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர்.

மும்பாயில் 1,217 கர்ப்பிணிகளை ஆராய்ந்தோர் 2004-இல் வெளியிட்ட முடிவு இது: இவ்விதப் புகையிலை உபயோகித்த தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. எடைக் குறைவு தராசில் தெரிந்துவிடும். மூளைக்கு நேரும் கேடு அப்படித் தெரிவதன்று.

நிகோடின் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இரத்தத்தில் எளிதிற் கலக்கின்றது. வளரும் மூளையில் அசிடைல்கோலின் என்னும் பொருள் ஒரு தூதன். உயிரணுக்கள் எப்பொழுது பெருகுவது, எப்பொழுது பெருக்கத்தை நிறுத்தித் தத்தம் தொழிலுக்கு அமைவது என்பதை அறிவிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நிகோடின் அத்தூதனுடைய வேஷத்திலே புகுந்து அகாலத்தில் கட்டளையிடுகின்றது. அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்லாட்கின் என்பாரும் அவர் சகாக்களும் சினை எலிகளின் தோலுக்கடியில் சிறு குழாய் வைத்து நிகோடினை மாத்திரம் செலுத்திப் பார்த்தார்கள். புகை அணுவளவுமில்லை, குட்டிகளின் மூளையில் உயிரணுக்கள் சேதமடைந்திருந்தன.

ஸ்வீடனில் மூக்குப்பொடி போன்ற ஒன்றை உதட்டினுள் அடக்கிக்கொள்ளும் வழக்கமுண்டு. அதைக் கர்ப்பகாலத்தில் உபயோகித்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2011-இல் கண்டார்கள். மூச்சை நடத்துவதும் மூளையே. பின்லாந்தில் 2019-இல் வெளியான ஆராய்ச்சியோ, கர்ப்பிணிகளின் இரத்தத்தில் நிகோடினின் அடையாளம் மிகுந்திருக்க மிகுந்திருக்க, அவர்களுடைய பிள்ளைகளிடம் கவனமின்மையும் அடங்காத் துடிப்பும் மிகுந்திருக்கக் கண்டது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. ஒரே தாயின் பிள்ளைகளை, அவள் புகைத்த காலத்தில் பிறந்தது, புகைக்காத காலத்தில் பிறந்தது என ஒப்பிட்டால், இத்துடிப்பு விஷயத்தில் வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடுகிறதாம். குடும்பச் சுபாவமே காரணமாயிருக்கலாம் என்பர். இருக்கட்டும், கூண்டிலுள்ள எலிக்கு வறுமை ஏது, குடும்பத் தோஷம் ஏது?

2019-இல் மின்சிகரெட்டை அடியோடு விலக்கிச் சட்டம் செய்த சர்க்கார், அதே நிகோடின் அடங்கிய வாய்ப்புகையிலையைப் பற்றிக் கர்ப்பிணிகளுக்குத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டது. பிரசவ ஆஸ்பத்திரிகளில் "புகை பிடிப்பதுண்டா?" என்றால் "இல்லை" என்ற பதிலே வரும், "புகையிலை போடுவதுண்டா, பல்லில் தேய்ப்பதுண்டா?" என்று கேட்க வேண்டும். வீட்டிலுள்ள புருஷர்களையும் கூப்பிட்டுக் கேட்கலாம். கடையிலிருந்து அதை வாங்கி வருவது பெரும்பாலும் யார் என்பது நம் நேயர்களுக்குத் தெரியாததன்று.