பாய் விரிக்க ஓர் இடம்

அன்னை மாரியம்மனின் திருவருளால் ஆடித் திங்கள் பிறந்து, ஆலயங்கள்தோறும் கூழ் வார்ப்பதற்கும் பால்குடம் ஏந்துவதற்கும் தீமிதிக்கும் ஏற்பாடுகள் நடைபெற்று வருகின்றன. இத்தகைய சிறப்பு மலரில் ஓர் ஆலயச் செயலாளர் எழுதுவதென்றால், உபயகாரர்களுக்கு நன்றி கூறுவதும் திருப்பணி நிதிக்கு வேண்டுகோள் விடுப்பதுமே வழக்கம். பக்தப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நான் இம்முறை பாய்களைப் பற்றி எழுத விழைகிறேன். அப்பாய்களில் காலை நீட்டி அமர்ந்திருந்த பாட்டிமார்களைப் பற்றியும், அவர்களை அங்கிருந்து எழுப்பிவிட்ட என்னைப் பற்றியும் எழுத விழைகிறேன்.

எங்கள் ஆலயம் தோட்டத்தில் பிறந்த ஆலயம். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரங்கள் வீழ்த்தப்பட்டு, வீடமைப்புத் திட்டம் எழும்பியபோது அம்மனும் எங்களோடு தாமானுக்குக் குடிபெயர்ந்தாள். தொடக்கத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகத்தான் ஆலயம் இருந்தது. அதன் வடபுறத்தில் முழங்கால் உயரத்திற்கு ஒரு சிமெண்டுத் திண்ணை. வெள்ளிக்கிழமை பிற்பகல் 4 மணி அடித்துவிட்டால் பாட்டிமார்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். இடுப்பில் சுருக்குப் பை, கையில் தூக்குச்சட்டி, அக்குளில் சுருட்டிய பாய். சிலரிடம் ஊரிலிருந்து வந்த கோரைப் பாய் இருக்கும். பெரும்பாலோர் வைத்திருந்தது இந்நாட்டு மெங்குவாங் பாய்தான். மெங்குவாங் என்பது நம் தாழை இனத்தைச் சேர்ந்த செடி. அதன் ஓலையைச் சீவி, காய வைத்து, மலாய்ப் பெண்கள் பின்னுகின்ற பாய் அது. முதுகுக்கு அது தருகின்ற குளிர்ச்சியை எந்த மெத்தையும் தந்ததில்லை என்பது என் அப்பாயியின் கட்சி.

வந்தவர்கள் பாயை விரித்து, காலை நீட்டி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூக்கட்டத் தொடங்குவார்கள். அவரவர் வீட்டு வேலியில் பூத்த நந்தியாவட்டையும் அரளியும் செம்பருத்தியும் வாழைநாரில் சரம் சரமாக இறங்கும். மாலைப் பூசைக்கு மணியடிக்கும் முன்பு அம்மனுக்கு மாலை ஆயத்தமாகிவிடும். அவர்களுள் ஒருவர் மாரியம்மன் தாலாட்டை ஏட்டைப் பாராமலேயே பாடுவார். மற்றவர்கள் சுக்குக் காப்பியைத் தூக்குச்சட்டியின் மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, மருமகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். கோடாலித் தைலத்தின் மணமும் கற்பூரத்தின் மணமும் கலந்து வருவதுதான் அந்நாளில் எங்கள் ஆலயத்தின் வாசனை.

2014-ஆம் ஆண்டு எங்கள் ஆலயத்திற்குக் குடமுழுக்கு நடந்தது. நன்கொடையாளர்களின் பேருதவியால் புதிய மண்டபம் எழும்பியது. தரை முழுவதும் வழவழப்பான கிரானைட் கற்கள் பதிக்கப்பட்டன. திண்ணை இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் காலணி வைக்கும் தட்டுகள் அமைக்கப்பட்டன. நிர்வாகக் குழு கூடி, ஆலயத்தின் தூய்மையைக் காக்க ஓர் அறிவிப்பு வைப்பதென முடிவு செய்தது. அவ்வறிவிப்பை எழுதியவன் நான், கையொப்பமிட்டவனும் நான். மண்டபத்தில் பாய் விரிக்கக் கூடாது, படுக்கக் கூடாது, வெளியிலிருந்து உணவோ பானமோ கொண்டு வரக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, அமர விரும்புவோர் நாற்காலிகளைப் பயன்படுத்த வேண்டும் என்பன அதில் கண்ட விதிகள். புதிதாக வாங்கிய 60 பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் மிகுந்த நாகரிகம் அடைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பாட்டி நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். சிறிது நேரத்தில் என்னை அழைத்து, "தம்பி, இதுல உக்காந்தா எனக்குக் காலு தரையில எட்ட மாட்டேங்குது. தொங்கித் தொங்கி வீங்கிப் போகுது" என்றார். நான் நிர்வாகத்தின் முடிவு என்று விடை கூறினேன். அவர் மறுவார்த்தை பேசவில்லை. சில வாரங்கள் வாயிலில் நின்றவாறே கும்பிட்டுவிட்டுச் சென்றார், பிறகு வரவில்லை. மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். பூமாலைகளை நாங்கள் கடையில் சொல்லிவைத்து வாங்கத் தொடங்கினோம். அதற்கான வெள்ளியை ஆண்டறிக்கையில் 'பூசைச் செலவு' என்னும் தலைப்பின்கீழ்ச் சேர்த்தேன். அதுநாள்வரை அந்தச் செலவு கணக்கில் இருந்ததேயில்லை என்பது அப்போதுகூட என் சிந்தையில் உறைக்கவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டன. நானும் வீட்டில் அடைந்து கிடந்தேன். ஏற்கெனவே முழங்கால் வலி. நாற்காலியில் அமர்ந்தால் இடுப்பும் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பரணில் கிடந்த அப்பாயியின் மெங்குவாங் பாயை எடுத்து உதறி, வீட்டின் பின்புறத்தில் விரித்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன். அன்று நான் அடைந்த சுகத்தை எழுத்தில் வடிக்க எனக்குத் திறமை இல்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தவன் நான்.

பாயோடு அது நிற்கவில்லை. சுக்கு, மிளகு, கொத்தமல்லி விதை ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, அப்பாயி செய்ததைப் போலவே கருப்பட்டிக்குப் பதிலாகக் குலா மலாக்காவைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். தோட்டத்தில் கருப்பட்டி எளிதில் கிடைக்காது. தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் குலா மலாக்கா கிடைக்கும். பெயர்தான் காப்பியே தவிர, அதில் காப்பித்தூள் ஒரு சிட்டிகையும் இல்லை. பிற்பகலில் ஒரு குவளை குடித்துவிட்டு, கோடாலித் தைலத்தை முழங்காலில் தேய்த்து, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு அரை மணி நேரம் கண்ணயர்வதென்பது என் வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று அப்பாயி வகுத்திருந்த கால அட்டவணையில் எனக்குரிய நாளையே கடைப்பிடிக்கிறேன் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஏனெனில் என் துணைவியார், "வீட்டில் மாமியாருக்கு மாமியார் திரும்பி வந்துவிட்டார்" என்று உறவினர்களிடமெல்லாம் கூறிவருகிறார். என் சட்டைப் பையில் எந்நேரமும் தைலப் புட்டி இருப்பது உண்மைதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

இத்தைலங்களைப் பற்றி இங்கு ஒரு சொல். கோடாலித் தைலம் 1928-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு சீன வணிகரால் தொடங்கப்பட்டது. புலித் தைலமோ இரங்கூனில் பிறந்து, ஆவ் சகோதரர்களோடு சிங்கப்பூருக்கு வந்தது. பாய் மலாய்க்காரருடையது, தைலம் சீனருடையது, சுக்கும் நல்லெண்ணெயும் நம்முடையவை. இந்த மூன்றையும் ஒரே சுருக்குப் பைக்குள்ளும் ஒரே பாயின்மீதும் கொண்டு வந்து சேர்த்தவர்கள், விடியும் முன்னே பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து திரும்பிய நம் பாட்டிமார்கள். அவர்களுக்கு உடல் வலி என்பது சொல்லளவில் இல்லை. இவை யாவும் வெறும் பழக்கங்கள் அல்ல, வேலை செய்து தேய்ந்த உடம்புக்கு அவர்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்ட மருத்துவம் என்றால் அது மிகையாகாது.

ஆனால் வெற்றிலையைப் பற்றி நான் நியாயம் பேச வரவில்லை. அதற்கும் பெருமை உண்டு. மலாய்த் திருமணங்களில் சிறே தட்டு முன்னே செல்லும். நோஞ்ஞாப் பெண்மணிகள் வெள்ளி வேலைப்பாடு மிக்க வெற்றிலைப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பினாங்கு மாநிலத்தின் பெயரே பாக்கு மரத்தின் பெயர்தான். நாமும் அம்பாளுக்குத் தாம்பூலம் வைத்துத்தான் வணங்குகிறோம். இருப்பினும், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதே என்று அறிவித்துவிட்டது. தாம்பூலம் அம்பாளின் தட்டிலேயே இருக்கட்டும். எங்கள் அறிவிப்பில் நான் மாற்ற விரும்பாத விதி அது ஒன்றுதான்.

மற்ற விதிகளை மாற்ற வேண்டுமென நான் இவ்வாண்டு நிர்வாகக் கூட்டத்தில் முன்மொழிந்தபோது, இளைஞர்களுள் ஒருவர் எழுந்து, "ஆலயம் வழிபாட்டுக்குரிய இடமா, முதியோர் ஓய்வு இல்லமா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். தமிழகத்திற்குத் திருத்தல யாத்திரை சென்று வந்தவர்கள், அங்குள்ள பெரிய ஆலயங்களின் மண்டபங்களில் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் தூணில் சாய்ந்து கண்ணயர்வதைக் கண்டிருப்பார்கள். யாரும் அதனால் சாமி குறைந்து போனதாகக் கூறுவதில்லை. கால் வலிக்காமல் அமர்ந்திருந்தால்தான் இரண்டு மணி நேரம் அபிடேகத்தைக் காண முடியும். இதை நான் அவரிடம் கூறினேன்.

கூட்டத்தில் கூறத் தயங்கிய மற்றொன்றை இங்குக் கூறிவிடுகிறேன். அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தவர்களுள் பெரும்பாலோர் கைம்பெண்கள். திருவிளக்குப் பூசைக்குச் சுமங்கலிப் பெண்களைப் பெயர் கூறி அழைக்கிறோம். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய வளையலை அவர்களுக்கே முதலில் வழங்குகிறோம். மஞ்சள் குங்குமத் தட்டும் அவர்களிடமே செல்கிறது. கணவரை இழந்த பாட்டிக்கு எந்தத் தட்டும் வருவதில்லை. அவர் பெயரை எவரும் ஒலிபெருக்கியில் அழைப்பதுமில்லை. அவருக்கென்று ஆலயத்தில் இருந்தது ஆறடிப் பாயும் மடியில் குவிந்த பூவும்தான். அங்கே அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அங்கிருந்து வந்த மாலை அம்மன் கழுத்தில் விழும்போது, "அது நான் கட்டியது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு கூறுவார். வழக்கங்களை ஒரே நாளில் மாற்ற ஒரு செயலாளரால் இயலாது. ஆனால் அந்தப் பாயை நான் ஒரே கையொப்பத்தில் எடுத்துவிட்டேன். சுத்தத்தின் பெயரால் எடுத்தேன். அதனால் எவருக்கும் என்னைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

கால் தொங்குகிறது என்று கூறிய அந்தப் பாட்டி 2019-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்துவிட்டார். இறுதிச் சடங்கிற்கு ஆலயத்தின் சார்பில் மாலை கொண்டு சென்றேன். கடையில் வாங்கிய மாலை. அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவருடைய மகளிடம் கேட்கவும் எனக்கு அன்று தோன்றவில்லை. அப்போது என் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

நிர்வாகம் இறுதியில் ஒப்புக்கொண்டது. காலணித் தட்டுகளில் பாதியை வாயிலுக்கு அருகே மாற்றி, வடபுறத்தில் 20 அடி நீளத்திற்கு இடம் ஒதுக்கினோம். எட்டு மெங்குவாங் பாய்கள் வாங்கப்பட்டன. சாய்ந்துகொள்ளச் சுவரோரம் திண்டுகள் வைக்கப்பட்டன. கற்கள் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் விரிப்புப் போடப்பட்டது. பூக்கட்ட வாழைநாரும், குடிக்கச் சுடுநீர்க் குடுவையும் உண்டு. தூக்குச்சட்டி கொண்டு வரலாம், படுக்கவும் செய்யலாம். மற்ற ஆலய நிர்வாகத்தினர் இதைப் பார்த்துவிட்டு, இடப் பற்றாக்குறை என்று கூறினால் நான் நம்பமாட்டேன். வாகனம் நிறுத்த இடம் தேடிக் கண்டுபிடித்தவர்கள் நாம். வீட்டில் பாட்டியோ அம்மாவோ இருப்பவர்கள், "வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடாமல், காரில் ஏற்றி அழைத்து வர வேண்டும். அழைத்து வந்தபின் "போகலாமா, போகலாமா" என்று அவசரப்படுத்தாமலும் இருக்க வேண்டும்.

ஆடி முதல் வெள்ளியன்று மூவர் மட்டுமே வந்தார்கள். அவர்களுள் ஒருவர் எங்கள் புதிய பாய்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தம் பாயையே விரித்துக்கொண்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "செகரட்டரி தம்பி, செருப்பு விடுற எடத்துக்கு இம்புட்டுக் கிட்டத்திலயா பாய் போடுவாங்க? அந்தாண்ட தள்ளிப் போடுங்க" என்றார்.

தள்ளிப் போட்டேன். அவர் காலை நீட்டிக்கொண்டு, வாழைநாரை எடுத்து நீரில் நனைக்கத் தொடங்கினார்.